லார்டு வீட்டு ரீல்ஸும் நம்ம வீட்டு வாரக் கணக்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. பஸ்ஸுல போகும்போதோ, டீக்கடை பெஞ்சுல உட்காரும்போதோ படிங்க. பாதியில விட்டுட்டு லைக் மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க.

போன வாரம் குமாரலிங்கபுரம் தம்பிகள் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ரீல் சுற்றியது. இங்கிலாந்தில் கோட்டை மாதிரி ஒரு வீடு. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் புல், மேயுற மான், சுவர் முழுக்கத் தாத்தா முப்பாட்டன் ஓவியம். வீட்டுக்காரர் ஒரு 'லார்டு'. அவங்க அப்பாவும் லார்டு, தாத்தாவும் லார்டு. அந்த ரீலுக்குக் கீழே நம்ம தம்பி ஒருத்தர் எழுதியிருந்தார்: "பொறந்தா இப்படிப் பொறக்கணும்டா." அதுக்கு வரிசையா நெருப்பு எமோஜி.

அதோட போயிருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது. ரெண்டு நாள் கழிச்சு அதே தம்பி பைக்கில் புதுசா ஒரு ஸ்டிக்கர் பார்த்தேன். 'ஆண்ட பரம்பரை'.

"தம்பி, எதைடா ஆண்டோம்?"

"அட, சும்மா ஒரு கெத்துண்ணே."

தம்பி மேல எனக்குக் கோபமே இல்லை. தேர்தல் நேரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கும் பசை வாளியைத் தூக்கிக்கிட்டு நம்ம கூட நடக்குற பையன் அவன். ஆனா அந்தக் 'கெத்து' எங்கே இருந்து வந்துச்சு, அது யாருக்கு எதிரா வந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகணும்? வேற கட்சிக்காரன் சொல்ல மாட்டான். அவனுக்கு அந்த ஸ்டிக்கர்தான் ஓட்டு.

முதல்ல அந்த லார்டு கதையைப் பார்ப்போம்.

பிரிட்டன் நாடாளுமன்றத்தில் மேலவைக்குப் பெயர் பிரபுக்கள் சபை. அப்பா செத்தா மூத்த மகன் தானாகவே போய் உட்காருவான். ஓட்டுக் கிடையாது, பரீட்சை கிடையாது. 1999இல் சட்டம் போட்டு அறுநூறு பேருக்கு மேல வீட்டுக்கு அனுப்பினாங்க. ஆனா ஒரேயடியா ஒழிக்க மனசு வரல. சமரசம் பேசி 92 பேரை மட்டும் விட்டு வச்சாங்க. அந்த 92இல் ஒருத்தர் செத்தா என்ன பண்ணினாங்க? இடைத்தேர்தல்! யார் நிற்க முடிஞ்சுது? பரம்பரைப் பட்டம் உள்ளவங்க மட்டும். யார் ஓட்டுப் போட முடிஞ்சுது? பெரும்பாலும் உள்ளே இருந்த அதே கட்சியின் பரம்பரை லார்டுகள் மட்டும்.

2016இல் அப்படி ஒரு இடைத்தேர்தல் நடந்துச்சு. வேட்பாளர்கள் 7 பேர். மொத்த வாக்காளர்கள் எத்தனை தெரியுமா? 3 பேர். மூணே பேர்! மூணு ஓட்டும் வாங்கி ஜெயிச்சவர் தர்ஸோ பிரபு. இதுல இன்னொரு கூத்து இருக்கு. 1999இல் வெளியே போன அவர், அப்புறம் மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு கீழவைக்கு எம்.பி. ஆனார். அதை மதிக்கிறேன். 2015 பொதுத்தேர்தலில் மக்கள் அவரைத் தோற்கடிச்சாங்க. மறு வருஷமே மூணு ஓட்டில் மேலவைக்குள்ளே வந்துட்டார். நம்ம ஊராட்சியில் வார்டு மெம்பருக்கு நிற்குறவன்கூட தெருத் தெருவா அலையணும், பெரியாத்தா கையைப் பிடிச்சுக்கிட்டு அரை மணி நேரம் முட்டிவலிக் கதை கேட்கணும். அங்கே மூணு பேருக்கு டீ வாங்கிக் கொடுத்தா போதும்.

அந்த சபைக்கு ஒரு நாள் போனா 300 பவுண்டுக்கு மேல படி. பட்டங்களில் மிகப் பெரும்பாலானவை ஆண் வாரிசுக்கு மட்டும்தான். மூத்தது பொண்ணா பொறந்தா பட்டம் அவளைத் தாண்டித் தம்பிக்கோ, தம்பி இல்லைன்னா எங்கேயோ இருக்குற சித்தப்பா மகனுக்கோ போயிடும். மார் கோமகள் 2020இல் ஓய்வு பெற்றதுக்கு அப்புறம் அந்தப் பரம்பரை இடங்களில் ஒரு பொம்பளைகூட இருக்கலை. நம்மைப் பார்த்து 'பிற்போக்கு' என்று பாடம் எடுத்த நாடு இது.

ரீல்ல பார்த்த வீடு ஓட்டை ஒழுகுதுன்னு பல லார்டுகள் புலம்புறதும் உண்மைதான். டிக்கெட் போட்டு ஆள் விடுறாங்க, சினிமாவுக்கு வாடகைக்கு விடுறாங்க, கல்யாண மண்டபம் ஆக்குறாங்க. நெட்ஃபிளிக்ஸ்ல நீங்க பார்க்குற பல அரண்மனைக் காட்சியும் அப்படி வாடகைக்கு எடுத்ததுதான். பாவமா இருக்கா? இருங்க. லண்டனில் மேஃபேர், பெல்கிரேவியா என்று இரண்டு பகுதி. பூமியிலேயே விலை கூடின மண்ணில் ஒன்று. அதில் பெரும்பகுதிக்குச் சொந்தக்காரக் குடும்பத்துக்கு அந்த நிலம் எப்படி வந்துச்சுன்னா, 1677இல் அந்த வீட்டு ஆள் ஒருத்தர் பன்னிரண்டு வயசுப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அவளுக்குச் சீதனமா வந்த வயலும் சதுப்புநிலமும்தான் அது. 2016இல் அந்தக் குடும்பத்தின் டியூக் இறந்தப்போ 25 வயசு மகனுக்குச் சொத்தும் பட்டமும் வந்துச்சு. ரெண்டு அக்காமார் இருந்தும் பட்டம் அவனுக்குத்தான். சொத்து டிரஸ்ட்டுகளுக்குள்ளே இருந்ததால், சாதாரண ஆள் கட்டுற மாதிரி வாரிசு வரி விழலைன்னு அங்கேயே பெரிய சத்தம்.

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு. நேரடியா இருக்கு.

ஆற்காட்டிலும் பிளாசியிலும் நம்மை அடிச்ச ராபர்ட் கிளைவைப் பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. அந்த ஆளுக்கு 1762இல் லார்டு பட்டம் கிடைச்சுது. அவன் செத்ததும் பட்டம் மகன் எட்வர்டு கிளைவுக்கு வந்துச்சு. அந்த மகன்தான் 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். இப்போ அந்த வருஷங்களை வச்சு நம்ம பக்கம் என்ன நடந்துச்சுன்னு எண்ணிப் பாருங்க. 1799 அக்டோபர் 16, கயத்தாறில் கட்டபொம்மனுக்குத் தூக்கு. 1801 அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்களுக்குத் தூக்கு. அதே வருஷம் நவம்பரில் ஊமைத்துரைக்குத் தூக்கு. பாளையங்களை எல்லாம் நொறுக்கி, எதிர்த்தவன் மண்ணைப் பிடுங்கி, அடங்கினவனுக்குச் சன்னது கொடுத்து 'ஜமீன்தார்' ஆக்கினதும் அதே கவர்னர் காலம். ராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் நிரந்தரத் தீர்வை 1803இல். ஊருக்குப் போன எட்வர்டு கிளைவுக்கு மறு வருஷமே பதவி உயர்வு: 1804இல் போவிஸ் ஏர்ல். அந்தப் பட்டம் இன்னைக்கும் அந்த வம்சத்தில் ஓடிக்கிட்டு இருக்கு. போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரமும், அவர் சிம்மாசனத்தில் இருந்த புலித்தலை ஒன்றும் இருக்கு. டிக்கெட் வாங்கினா பார்க்கலாம்.

ஆக, அங்கே லார்டு பட்டமும் இங்கே ஜமீன் சன்னதும் ஒரே கடையில் விற்ற சரக்கு. கம்பெனிக்கு வருஷா வருஷம் பேஷ்குஷ் கட்டினா நீ ராஜா. கட்டலைன்னா ஜப்தி. இதுல 'ஆண்ட' எங்கே இருக்கு? ஏஜென்சி எடுத்த மாதிரிதான்.

சொல்லும்போது நியாயமாவும் சொல்லணும். கம்பெனியை எதிர்த்த சேதுபதியும் உண்டு. முத்துராமலிங்க சேதுபதியை 1795இல் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டாங்க. 1809இல் சென்னைச் சிறையிலேயே இறந்தார். அவர் அக்கா மங்களேஸ்வரி நாச்சியாரைத்தான் கம்பெனி ஜமீன்தாரிணி ஆக்கியது. எதிர்த்தவர் சிறையில், சன்னது வாங்கினவங்க அரண்மனையில். அந்தச் சிறையில் செத்தவரைக் கும்பிடுங்க, நானும் வர்றேன். ஆனா பைக் ஸ்டிக்கரில் பெருமை பேசுறது அவரைப் பற்றியா, சன்னதைப் பற்றியா?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கமெல்லாம் ராமநாதபுரம் சமஸ்தானத்துச் சீமை. நம்ம தாத்தாக்கள் அந்தச் சீமையில் என்னவா இருந்தாங்க? குமாரலிங்கபுரத்தில் எண்பத்தேழு வயசுத் தாத்தா ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து கேட்டேன். காது கொஞ்சம் மந்தம், ஆனா கணக்கு இன்னும் துல்லியம்.

"எங்கய்யா சொல்லுவாருப்பா. கம்பு, சோளம் எதுவா இருந்தாலும் களத்துல அடிச்சுக் குவிச்சிரணும். குவியல் மேல ஜமீன் ஆளு வந்து முத்திரை போட்டுட்டுப் போயிருவான். திரும்ப வந்து அளக்குற வரைக்கும் ஒரு மணி தொடக்கூடாது. மழை வந்தாலும் அப்படியே கிடக்கும். பிள்ளை பசிக்குதுன்னு அழுகும், களத்துல தானியம் கிடக்கும், எடுக்க முடியாது."

"அளந்து முடிச்சு எவ்வளவு மிஞ்சும் தாத்தா?"

"மிஞ்சுனதைத்தான் அளந்தோமா, அளந்ததுல மிஞ்சுச்சான்னு எங்கய்யாவுக்கே தெரியாது."

இதுதான் நம்ம பரம்பரை, தம்பி. ஆண்டது இல்லை, அளந்தது. கரிசல் மண்ணுல மானம் பார்த்து விதைச்சவன் அளந்த வாரத்தில்தான் அரண்மனை, யானை, தர்பார், கோர்ட் செலவு எல்லாமே. கண்மாய் கரையை ஜமீன் மராமத்துப் பார்க்கணும். பார்க்காம விட்டா விளைச்சல் போறது குடியானவனுக்கு.

கோர்ட் செலவுன்னதும் கமுதி ஞாபகம் வருது. இந்தக் கதையைத் தெரிஞ்சுக்காம நம்ம மாவட்டத்தில் யாரும் பரம்பரை பேசக் கூடாது.

1897 மே மாதம் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் சமூகத்தார் சிலர் போய்ச் சாமி கும்பிட்டாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு. அந்தக் கோயிலின் பரம்பரை அறங்காவலர் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி. கோயில் தீட்டுப்பட்டுடுச்சு, சுத்தம் பண்ணச் செலவு வேணும், இனிமே இவங்க நுழையக் கூடாதுன்னு வழக்குப் போட்டார். மதுரை சப் கோர்ட்டில் ராஜா பக்கம் தீர்ப்பு. சென்னை ஐகோர்ட்டும் அதையே சொல்லுச்சு. நடுவில் பாஸ்கர சேதுபதியே சமரசத்துக்கு இறங்கி வந்தார், அதையும் மறைக்கக் கூடாது. விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பத் துணை நின்ற மனிதர் அவர். ஆனா சமரசம் நிற்கலை. பரம்பரைப் பதவின்னா அப்படித்தான். அதில் உட்கார்ந்தவன் மனசு மாறினாலும் நாற்காலி மாறாது. வழக்கு கப்பல் ஏறி லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போச்சு. 1908இல் அங்கேயும் அதே தீர்ப்பு: உள்ளே வரக் கூடாது.

நல்லா மனசுல வாங்குங்க. கமுதிக் கோயில் வாசல்படியை யார் தாண்டலாம்னு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் லண்டனில் உட்கார்ந்து முடிவு பண்ணினாங்க. இங்கே பரம்பரை அறங்காவலர், அங்கே ராஜாவின் பிரிவி கவுன்சில். பிறப்புக்குப் பிறப்பு சாட்சி சொல்லுச்சு.

அந்தத் தீர்ப்பு வந்த வருஷம் விருதுநகர் தெருவில் நாலைஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் ஓடி விளையாடிக்கிட்டு இருந்தான். காமராஜ்னு பேரு. 1954இல் அவர் இந்த மாநிலத்துக்கே முதலமைச்சர். அவர் அமைச்சரவையில் ஒரு மந்திரி யார் தெரியுமா? சண்முக ராஜேஸ்வர சேதுபதி. பாஸ்கர சேதுபதியின் பேரன். அவரும் 1952இல் ராமநாதபுரத்தில் மக்கள்கிட்ட ஓட்டுக் கேட்டு ஜெயிச்சு வந்தவர்தான். யாரும் யாரையும் அவமானப்படுத்தலை. வாசலில் நிறுத்தப்பட்ட கூட்டத்துப் பிள்ளை தலைமை நாற்காலியில், வாசலில் நிறுத்தின வீட்டுப் பேரன் பக்கத்து நாற்காலியில். ரெண்டு பேருக்கும் அந்த இடத்தைக் கொடுத்தது ஓட்டுப்பெட்டி. இந்தக் காட்சியை யாராவது ரீல் போடுங்கய்யா, ஒரு லட்சம் பேருக்கு நானே ஷேர் பண்றேன்.

அவர் வந்ததும் செஞ்ச வேலையில் முக்கியமானது குலக்கல்வித் திட்டத்தைத் தூக்கிப் போட்டது. பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் வீட்டில் அப்பன் தொழில் என்று 1953இல் கொண்டு வந்த திட்டம் அது. லார்டு மகன் லார்டு என்றால் செருப்புத் தைக்கிறவன் மகன் செருப்புத்தான் தைக்கணும். ரெண்டும் ஒரே நாணயம். 'பொறந்தா இப்படிப் பொறக்கணும்'னு தம்பி எழுதினதுக்கு மறுபக்கம் என்னன்னா, 'அப்படிப் பொறக்காதவன் அங்கேயே கிட'.

"அண்ணே, ஜமீன்ல நல்லவங்களே இல்லையா"ன்னு ஒருத்தர் கமெண்ட்டில் கேட்பார், தெரியும். இருந்தாங்க. விருதுநகரில் இருந்து அருப்புக்கோட்டை போற வழியில் பாலவநத்தம். அந்த ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர்தான் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைத் தொடங்கினவர். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவரா நின்றவர். அந்தத் தமிழுக்கும் அந்தத் துணிச்சலுக்கும் எழுந்து நின்று வணக்கம் வைப்போம். ஆனா அந்தக் காசு பாலவநத்தம் கரிசலில் விளைஞ்ச பருத்தியிலும் சோளத்திலும் இருந்து வந்துச்சுங்கிறதையும் சேர்த்தே சொல்லுவோம். நல்ல ஜமீன்தார் வாய்ச்ச ஊர் பிழைச்சுது. மோசமானவன் வாய்ச்ச ஊர் கதி? நம்ம சோறு அடுத்தவன் குணத்தைப் பொறுத்து இருக்கக் கூடாதுங்கிறதுதானே ஜனநாயகமே.

ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்துச்சு. ராமநாதபுரம் சமஸ்தானத்தை 1949இல் அரசு எடுத்துக்கிட்டது. சும்மா எடுக்கலை, நஷ்டஈடு கொடுத்துத்தான் எடுத்தாங்க, பண்ணை நிலமும் பெரும்பாலும் அவங்க கையிலேயே நின்னுச்சு. ஆனாலும் களத்தில் முத்திரை போடுற ஆள் அதோட வரலை. 1950இல் அரசமைப்புச் சட்டம் 18ஆவது பிரிவில் பட்டங்களையே ஒழிச்சுது. இந்த 'ராஜா', 'இளைய ஜமீன்' எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் போட்டுக்கலாம், சட்டத்தில் அதுக்கு மதிப்பில்லை. மன்னர் மானியம் 1971 டிசம்பரில் போச்சு. அது ஜமீன்தார்களுக்குக் கொடுத்தது இல்லை, சமஸ்தான மன்னர்களுக்குக் கொடுத்தது. பல பேர் குழப்பிக்கிறாங்க. நம்ம பக்கத்தில் அப்படி ஒரே தனி அரசு புதுக்கோட்டைதான். அந்த ராஜகோபாலத் தொண்டைமான் தன் அரண்மனையையே கலெக்டர் ஆபீசுக்குக் கொடுத்துட்டார்.

ஆனா தோழர்களே, ஊருக்குள்ளே ராஜாவைவிடக் கிட்டத்தில் இருந்த பரம்பரை ஒன்று உண்டு. கணக்குப்பிள்ளை, மணியக்காரர். சிட்டா அடங்கல் அவர் வீட்டுப் பெட்டியில். உன் நிலம் உன் பேரில் இருக்கா இல்லையாங்கிறது அவர் பேனாவில். அப்பாவுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன். நம்ம ஊர் லார்டு அவர்தான். 1960இல் ஆந்திர வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு: கிராமப் பதவிக்குப் பரம்பரை உரிமை என்பது அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம். காகிதத்தில் பரம்பரை போச்சு. ஆனா ஊருக்குள்ளே பழைய வீடே பழைய பெட்டியோட தொடர்ந்துச்சு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளையே மொத்தமா ஒழிச்சுது. வழக்குப் போனாங்க, 1982இல் சுப்ரீம் கோர்ட் ஒழிப்பு செல்லும்னு சொல்லிடுச்சு. யார் செஞ்சாலும் நல்லதை நல்லதுன்னு சொல்லணும்.

இன்னைக்கு வி.ஏ.ஓ. ஆகணும்னா பரீட்சை எழுதணும். எந்தத் தெருப் பொண்ணும் எழுதலாம். ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளை திண்ணைக்குக் கீழே துண்டை இடுப்பில் கட்டிக்கிட்டு நின்ன வீட்டுப் பிள்ளை, இப்போ அதே அடங்கலில் கையெழுத்துப் போடுது. இதைவிடப் பெரிய கெத்து என்ன வேணும்? இதுக்கு ஏன் ஒரு ஸ்டிக்கர் இல்லை?

இங்கிலாந்திலும் மானஸ்தன் இருந்தான். டோனி பென் என்று தொழிலாளர் கட்சி எம்.பி. 1960இல் அப்பா இறந்தார். அப்பா ஒரு லார்டு. 'இனி நீ லார்டு, மக்கள் சபைக்குள் வராதே'ன்னு கதவைச் சாத்தினாங்க. வேண்டாம்டா உங்க பட்டம்னு சண்டை போட்டார். 1961 இடைத்தேர்தலில் மக்கள் திரும்பவும் அவரையே ஜெயிக்க வச்சாங்க. சட்டம் என்ன பண்ணுச்சு தெரியுமா, தோத்தவனைக் கொண்டுபோய் அந்த இடத்தில் உட்கார வச்சுது. அவர் விடலை. 1963இல் பட்டத்தைத் துறக்கச் சட்டமே வந்துச்சு. சட்டம் வந்த அன்னைக்கே பட்டத்தைத் தூக்கி எறிஞ்சுட்டு, ஓட்டு வாங்கி உள்ளே போனார். ரீல் போடணும்னா அந்த ஆளைப் போடு தம்பி.

மிச்சம் இருந்த பரம்பரை இடங்களையும் ஒழிக்கிற மசோதாவை 2024 செப்டம்பரில் அவங்க அரசே கொண்டு வந்துச்சு. அதிலும் இடம்தான் போகும். பட்டமும் நிலமும் அப்படியேதான். அங்கே அவங்க வெட்கப்பட்டு ஒழிக்கக் கிளம்பினதை நாம இங்கே ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டுறோம்.

இப்போ நம்ம வீட்டுக்குள்ளே வருவோம். இது கொஞ்சம் சுடும்.

போன மாநாட்டுக்கு நம்ம ஒன்றியத்தில் வச்ச பிளக்ஸ் ஒன்றில், நிர்வாகி ஒருத்தரின் கல்லூரிக்குப் போற மகன் படத்தைப் போட்டு 'இளவரசரே வருக'ன்னு எழுதியிருந்தாங்க. அந்தத் தம்பி நல்ல பையன், அவன் கேட்டு வைக்கலை. வச்சது நாம. எதிர்க்கட்சிக்காரன் வாரிசு அரசியல்னு மீம் போடும்போது நமக்குக் கோபம் வருது. நம்ம பஸ் ஸ்டாப்பில் நாமே இளவரசருக்குப் பந்தல் போடுறோம். அப்பா கட்சிக்காக ஜெயிலுக்குப் போனார்னா அப்பாவுக்கு மரியாதை. மகன் வரட்டும், வேண்டாம்னு யார் சொன்னா? வாக்காளர் பட்டியல் தூக்கட்டும், வீடு வீடா ஏறட்டும், உட்கட்சித் தேர்தலில் நிற்கட்டும். மூணு பேர் ஓட்டுப் போடுற தேர்தல் இல்லை, கிளையில் உள்ள அத்தனை பேரும் போடுற தேர்தல்.

கோயில் கொடையிலும் இதே கதைதான். வரி எல்லா வீட்டுக்கும் ஒன்று. பரிவட்டம் மட்டும் ஒரு வீட்டுக்கு. கேட்டா 'மாமூல்'. சண்டை வேண்டாம், பொங்கலை நிறுத்த வேண்டாம். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்னு, வரி கொடுக்குற எல்லா வீட்டுக்கும் முறை வச்சு மரியாதை கொடுக்கலாமேன்னு ஒரு தடவை கேளுங்க. முதல் வருஷம் முறைப்பாங்க. மூணாவது வருஷம் முணுமுணுப்பாங்க. அதுக்கப்புறம் பேசுவாங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நம்ம பக்கத்தில் இந்த ஸ்டிக்கர் வெறும் ஸ்டிக்கரா நிற்காது. பள்ளிக்கூடத்தில் கையில் கட்டுற கயிறா மாறும். பஸ்ஸில் பாட்டா மாறும். அப்புறம் ஒரு நாள் அரிவாளா மாறும். வெட்டினவனும் வெட்டுப்பட்டவனும் ஒரே கண்மாய்த் தண்ணியில் விதைச்ச வீட்டுப் பிள்ளைங்க. ரெண்டு பேர் தாத்தாவும் ஒரே களத்தில், ஒரே முத்திரைக்காகக் காத்துக் கிடந்தவங்க. ஆண்டவன் வீட்டுப் பிள்ளை எவனும் ஜெயிலுக்குப் போறதில்லை.

இ.குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கான்னு 2023 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டாங்க. அந்த வேலை நம்ம பிள்ளைகளுக்கு வரணும்னு நாம மனுக் கொடுக்கணும், போராடணும், ஐ.டி.ஐ.யில் இடம் கேட்கணும். அந்த வேலைக்கான படிவத்தில் பேர் இருக்கும், படிப்பு இருக்கும். 'எத்தனை தலைமுறை ஆண்டீங்க'ன்னு ஒரு கட்டம் இருக்காது.

நேத்து சாயங்காலம் தம்பி பைக்கை எடுத்துக்கிட்டு வந்தான். ஸ்டிக்கர் இருந்த இடத்தில் பசை மட்டும் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"கிழிச்சுட்டேண்ணே. அதுக்குப் பதிலா என்ன ஒட்டுறது?"

"உங்க தாத்தாகிட்ட போய்க் கேட்டுட்டு வா"ன்னு அனுப்பியிருக்கேன்.

நீங்களும் கேளுங்க, தோழர்களே. உங்க தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி யாராவது இருந்தா இன்னைக்கு ராத்திரியே உட்கார்ந்து கேளுங்க. எந்த ஜமீனுக்கு, எந்தப் பண்ணைக்கு, என்ன தானியம், எவ்வளவு வாரம் அளந்தாங்க? களத்தில் யார் வந்து நின்னா? கணக்குப்பிள்ளை வீட்டுக்கு எத்தனை தடவை நடந்தாங்க? கேட்டதைக் கீழே கமெண்ட்டில் எழுதுங்க. ஊர்ப் பேரை மறக்காம போடுங்க. வந்ததை எல்லாம் தொகுத்து அடுத்த கிளைக் கூட்டத்தில் வாசிக்கலாம்.

பஸ் ஸ்டாப்பில் இருக்குற அந்த 'இளவரசர்' பிளக்ஸை நாளைக்குக் காலையில் கழட்டுறோம். ஏணி இருக்குறவங்க ஆறு மணிக்கு வந்துருங்க.